அச்சடித்த பக்கம்

அக்டோபர் 6, ஞாயிறு

கார்மேகத்துக்குக் கல்யாணமாம். நவம்பர் பத்தாம் தேதி, ராஜபாளையத்தில். மெர்சி விடிந்ததும் விடியாததுமாகப் போன் செய்து சொன்னாள். எங்கள் இயற்பியல் வகுப்பின் செய்தி வாசிப்பாளர் அவள்தான். சாத்தூரில் டீச்சர் வேலையும் பார்க்கிறாள், அது உபதொழில்.

"மூணு வருசமும் கடைசி பெஞ்சுல தூங்குனவனுக்கு நர்ஸ் பொண்ணுடி. இனிமே ஊசி போட்டுத்தான் எழுப்புவா" என்றாள். "ஃபிளக்ஸ் உன் பொறுப்பு. எல்லாரையும் போட்டோ அனுப்பச் சொல்லிட்டேன். இந்தத் தடவையாச்சும் நீ நேர்ல வந்து தொலை."

எங்கள் வகுப்பில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் ஃபிளக்ஸ் என் பொறுப்பு. அருப்புக்கோட்டை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அண்ணாச்சியின் ஃபிளக்ஸ் கடையில் டிசைனர் நான். காதுகுத்து, பூப்பு நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் தலைகளை வெட்டி ஒட்டுவது என் தொழில். வகுப்பில் முதல் மார்க் வாங்கியவளும் நான்தான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. அதனால்தான் இதுவரை ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை. பேனரைச் சுருட்டிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கடையில் வேலை என்று சொல்லிவிடுவேன்.

எங்களுக்கு வகுப்புப் புகைப்படம் கிடையாது. மூன்றாம் வருடம் மார்ச் மாதத்தில், கொரோனா, பதினைந்து நாள் லீவு என்று சொல்லி அனுப்பினார்கள். பையைத் தூக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே பஸ் ஏறினோம். அவ்வளவுதான். பிரிவு உபசார விழா இல்லை, கடைசி பிராக்டிகல் பரீட்சை இல்லை, பெஞ்சு போட்டு வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுக்கவும் இல்லை. அதனால் கல்யாண ஃபிளக்ஸில்தான் நாங்கள் ஒன்றாக நிற்கிறோம். முதல் கல்யாணத்தில் யார் மேல் வரிசை, யார் கீழ் வரிசை என்று சண்டை வந்தது. அன்றிலிருந்து அட்டெண்டன்ஸ் நம்பர் வரிசை. எவனும் வாய் திறக்க முடியாது.

படம் அனுப்பாதவர்களின் இடத்தில் ரோஜாப்பூ வைப்பது வழக்கம். மூன்று கல்யாணமாக ஒரே ஒரு ரோஜாப்பூதான். எனக்கு முந்தைய நம்பர், பூவரசன்.

அக்டோபர் 9, புதன்

படங்கள் வர ஆரம்பித்துவிட்டன. பழைய படம் செல்லாது, இந்த மாதம் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது மெர்சியின் சட்டம். கேட்காமலே எல்லோருடைய கதையும் என் கம்ப்யூட்டருக்கு வந்துவிடுகிறது.

சுபாஷிணிக்கு முகம் உருண்டுவிட்டது, ஐந்தாம் மாதமாம். வெங்கட்ராமன் போலீஸ் ஆகிவிட்டான், தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்கிறான். தலையில் ஒன்றும் இல்லை என்று மெர்சி சொல்கிறாள். நஸ்ரின் துபாயிலிருந்து அனுப்பியிருக்கிறாள், பின்னால் பெரிய கட்டடம். கட்டடத்தை வெட்டாமல் போடு என்று கீழே ஒரு குறிப்பு. வெட்டிவிட்டேன். நம்பர் வரிசையில் கட்டடத்துக்கு இடமில்லை.

ஒவ்வொரு முகத்தையும் பெரிதாக்கி ஓரம் வெட்டும்போது கண்ணுக்குக் கீழே கறுப்பு, காதோரம் ஒரு நரை எல்லாம் தெரிகிறது. என்னை யாரும் இவ்வளவு பக்கத்தில் பார்க்கவில்லை என்பது ஒரு சௌகரியம். என் படம் கடை வாசலில் எடுத்தது. அண்ணாச்சிதான் எடுத்தார்.

பூவரசன் அனுப்பவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

மழை. குளியலறைச் சிமெண்டு ஓட்டில் விரிசல் பெரிதாகிவிட்டது. குளிப்பதா, நனைவதா என்று தெரியவில்லை. "எதையாவது வாங்கிட்டு வந்து மூடு. கடை முழுக்க ஃபிளக்ஸை வச்சிக்கிட்டு நம்ம வீட்டுக் கூரை ஒழுகுது" என்று அம்மா கத்தினாள். சத்துணவுக் கூடத்தில் அத்தனை பிள்ளைகளிடம் கத்தி முடித்தபிறகும் எனக்கென்று கொஞ்சம் குரலை மிச்சம் வைத்துக்கொண்டுதான் வருவாள்.

அக்டோபர் 17, வியாழன்

பூவரசனைப் பற்றி மெர்சிக்கே ஒன்றும் தெரியவில்லை. பழைய நம்பர் அணைந்து கிடக்கிறது. ஓசூரில் ஏதோ கம்பெனி என்கிறார்கள். குரூப்பிலிருந்து போன வருடமே வெளியேறிவிட்டான்.

"ரோஜாப்பூவே வச்சிரு" என்றாள். "வேணாம். போன தடவை சுபாஷிணி மாமியார், இந்தப் பையன் எப்படிச் செத்தான்னு கேட்டாங்களாம்" என்றேன். மெர்சி சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்தபிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆங்கில எழுத்து வரிசையில் பூவரசனுக்கு அடுத்தது பொற்கொடி. அதனால் பரீட்சை ஹாலில் மூன்று வருடமும் அவன் பிடரிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். லேபில் அவனும் நானும் ஒரு செட். சோடியம் விளக்கு எரியும் இருட்டறையில் அவன் ரீடிங் சொல்வான், நான் எழுதுவேன். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் எந்த நிறமும் தெரியாது, சிவப்புப் பொட்டுகூடக் கறுப்பாகத்தான் தெரியும். எல்லோருக்கும் அந்த அறையில் தலை வலிக்கும். எனக்கு வலித்ததில்லை.

லீவு விட்டு அனுப்பியதற்கு முந்தின நாள் அவன் சொன்னது இதுதான்: "பிராக்டிகல் முடியிற அன்னைக்கு உடனே பஸ் ஏறிராத பொற்கொடி. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

பிராக்டிகல் நடக்கவே இல்லை. எல்லோருக்கும் மார்க் போட்டு அனுப்பிவிட்டார்கள். நான் அதைப் பற்றி ஒன்றும் பெரிதாக நினைத்துக்கொண்டிருக்கவில்லை. என்ன சொல்ல வந்தான் என்று தெரிந்தால் போதும். தெரியாமல் இருப்பது ஒரு எரிச்சல், அவ்வளவுதான்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் கடை. தீபாவளி வேலை குவிந்து கிடக்கிறது.

கார்மேகத்தின் கல்யாணப் பெண் படம் இன்னும் வரவில்லை. அவனுடையதும் வரவில்லை. ஸ்டுடியோவில் இருவரும் சேர்ந்து எடுத்து அனுப்புவார்களாம். படம் வருகிறவரைக்கும் நடுவில் டம்மியாக யாரையாவது வைத்து அளவு, வெளிச்சம், மாலை எல்லாம் சரிபார்ப்பது எங்கள் தொழிலில் சாதாரணம். கையில் கிடைக்கிற படத்தை வைப்போம். கையில் என் படம் இருந்தது. மாப்பிள்ளைக்கு என் போனில் பூவரசனின் பழைய படம் ஒன்று இருந்தது. லேபில் ரீடிங் பார்க்கும் வெர்னியர் ஸ்கேலைப் படம் எடுத்தபோது அவன் ஓரத்தில் விழுந்துவிட்டான். ஓரத்தில் விழுந்தவன் எப்படி நேராகப் பார்த்துச் சிரிக்கிறான் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

சோடியம் வெளிச்சத்தில் எடுத்த படம், முகம் முழுக்க ஒரே மஞ்சள். அதைச் சரிசெய்து நிறத்தைக் கொண்டுவர முடியாது, ஏனென்றால் உள்ளே வேறு நிறமே இல்லை. இதைப் படித்துத்தான் முதல் மார்க் வாங்கினேன். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, மேலே தோல் நிறம் பூசினேன். நிறத்தை என் கன்னத்திலிருந்து எடுத்தேன். அதுவும் பக்கத்தில் இருந்தது என்பதால்தான்.

இருவர் கழுத்திலும் மாலை வைத்தேன். நன்றாகவே பொருந்தியது. மாலையின் அளவைச் சொல்கிறேன்.

அக்டோபர் 24, வியாழன்

இப்படி ஒரு அவமானம் எனக்கு வந்ததில்லை.

நேற்றுச் சாயங்காலம் ஸ்டுடியோ படம் வந்தது. கார்மேகமும் பெண்ணும் கன்னத்தோடு கன்னம் வைத்து நிற்கிறார்கள். அதை வைத்துப் புது ஃபைல் செய்தேன். பழையதை அழிக்க மறந்துபோனேன். மறந்துதான் போனேன். இன்று காலை நான் கடைக்குப் போவதற்குள், மெஷின் சும்மா கிடக்கிறதே என்று அண்ணாச்சி பழைய ஃபைலைத் திறந்து முழு அளவில் அடிக்கப் போட்டுவிட்டார். பத்தடி அகலம். நான் உள்ளே நுழைகிறேன், மெஷினிலிருந்து என் மூக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது.

அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது யாரும்மா மாப்ள?"

"டம்மி அண்ணாச்சி."

"பொண்ணு?"

"பொண்ணும் டம்மிதான்."

அவர் கத்தியிருந்தாலாவது நான் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அடித்து முடிந்ததும் பேனரை வெட்டி, தானே சுருட்டினார். "சரி, வீட்ல எங்கயோ ஒழுகுதுன்னு சொன்னியே, இதைக் கொண்டு போய் மூடு. நல்ல கனமான ஷீட்டு" என்றார். "சரியான ஃபைலை எப்ப அடிக்க?"

"இன்னும் ஒரு படம் வரணும் அண்ணாச்சி. தீபாவளி முடியட்டும்."

அக்டோபர் 25, வெள்ளி

நான் கடையிலிருந்து வருவதற்குள் அம்மா ஏணி போட்டு ஏறி, குளியலறைக் கூரை மேல் ஃபிளக்ஸை விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து முடித்துவிட்டாள். உடைந்த ஓடுகளை எடுத்துவிட்டாளாம். கம்புகளுக்கு மேல் ஃபிளக்ஸ் மட்டும்தான். வெள்ளைப் பக்கம் வானத்தைப் பார்க்கிறது, அச்சடித்த பக்கம் கீழே. நல்லவேளை, எதையும் கவனிக்காமல் விரித்திருக்கிறாள்.

குளிக்கப் போனேன். தலைக்கு மேல் நானும் அவனும் மாலையோடு நிற்கிறோம். சுற்றிலும் வகுப்பு முழுக்க வரிசையாகச் சிரிக்கிறது. வெங்கட்ராமன் தொப்பியோடு பார்க்கிறான். தலையை நிமிர்த்தாமல் குளித்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 28, திங்கள்

ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளியல். இன்று நிமிர்ந்து பார்த்தேன். மேலே வெயில் அடித்தால் அச்சு வழியே வெளிச்சம் இறங்கி, அவன் முகம் மறுபடி மஞ்சளாகிறது. தண்ணீர் ஆறிவிட்டது என்று அம்மா கதவைத் தட்டுகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அவனைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. எழுதிவிட்டேன். எழுதியதால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

நவம்பர் 4, திங்கள்

படம் வந்துவிட்டது.

புது நம்பரிலிருந்து. "பொற்கொடி, நான் பூவரசன். மெர்சி எப்படியோ என்னைத் தேடிப் பிடிச்சுட்டா. கல்யாணத்துக்கு வர்றேன். லேட்டாயிருச்சு, ஸாரி. இதுல இருந்து என்னை மட்டும் வெட்டி எடுத்துக்க."

குற்றாலத்தில் எடுத்த படம். இன்னும் கொஞ்சம் கறுத்திருக்கிறான், மீசை வைத்திருக்கிறான். பக்கத்தில் மஞ்சள் சுடிதாரில் ஒரு பெண், ஈரத்தலை, கழுத்தில் புதுத் தாலிக்கயிறு. அவன் தோளில் கை வைத்து, வாய்விட்டுச் சிரிக்கிறாள். அழகாக இருக்கிறாள். இல்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன்.

மெர்சி மீதியைச் சொன்னாள். பிப்ரவரியில் ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம். பெண் பெயர் மைதிலி, அவன் கம்பெனியிலேயே வேலை. வேறு சாதி. வீட்டில் பெரிய சண்டை, அதனால் நம்பரெல்லாம் மாற்றி, ஆறேழு மாதம் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறார்கள். "பாவம்டி" என்றாள். "ஆமா, பாவம்" என்றேன். யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

அவனை மட்டும் வெட்டி எடுத்தேன்.

தலைமுடி, காது, சட்டைக் காலர் எல்லாம் சுத்தமாக வந்தது. தோளுக்கு வந்தபோது அவள் விரல்கள். நாலு விரல், மெரூன் நகப்பூச்சு, அழுத்திப் பிடித்திருக்கிறாள். அழிப்பது எனக்கு ஒரு வேலையே இல்லை. பக்கத்துச் சட்டைத் துணியை எடுத்து மேலே ஒட்டினால் முடிந்தது. செத்துப்போனவர்களின் தோளிலிருந்து எத்தனையோ கைகளை எடுத்திருக்கிறேன்.

அழித்தேன். நன்றாகத்தான் வந்தது. பூவரசன் தனியாக நின்றான், லேபில் நின்ற மாதிரி. பேசாமல் சேவ் செய்திருக்கலாம்.

வீட்டை எதிர்த்து, ஒளிந்து, மாசக்கணக்கில் பயந்து, ஒருநாள் அருவிக்குப் போய்த் தைரியமாக ஒரு கையை வைத்திருக்கிறாள். அதைப் போய் நான் ஒரு மவுஸால் எடுப்பதா? மனம் வரவில்லை. விரல்களைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அண்ணாச்சி டீ வாங்கப் போயிருந்தார்.

முப்பத்தொன்றாம் இடத்தில் ரோஜாவை எடுத்துவிட்டு அவனை வைத்தேன். அவனுக்கு அடுத்து நான். அந்த நாலு விரல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வருகிறது.

நவம்பர் 8, வெள்ளி

சரியான ஃபைலை அடித்தாயிற்று. இந்த முறை மெஷின் பக்கத்திலேயே நின்றேன். பஸ்ஸில் அனுப்பட்டுமா என்று அண்ணாச்சி கேட்டார். "நானே கொண்டு போறேன்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்ல சேலையா கட்டிட்டுப் போம்மா" என்றார்.

அவனிடம் நேரில் கேட்டுவிடப் போகிறேன். இனி அந்தப் பதிலால் யாருக்கும் எந்தப் பிரயோசனமும் இல்லை. அதனாலேயே கேட்கலாம்.

நவம்பர் 10, ஞாயிறு

ராஜபாளையம் போய் வந்தேன். கால் வலிக்கிறது. இருந்தாலும் இன்றே எழுத வேண்டும்.

மண்டப வாசலில் ஃபிளக்ஸைக் கட்டி முடித்தபோது ஒவ்வொருவராக வந்தார்கள். மெர்சி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. என்ன வேலை பார்க்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நஸ்ரின் துபாயிலிருந்து வீடியோ காலில் வந்து, "என் பில்டிங் எங்கடி?" என்று திட்டினாள். வெங்கட்ராமன் தொப்பியில்லாமல் வந்திருந்தான். மெர்சி சொன்னது உண்மை. நான்கு வருடமாக இவர்களைப் பார்க்க வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தேனே, நான் ஒரு முட்டாள்.

பிறகு பூவரசன் வந்தான். நேரில் நிறம் என் கன்னத்து நிறம் இல்லை. இரண்டு மடங்கு கறுப்பு.

"பொற்கொடி! நீ எந்தக் கல்யாணத்துக்கும் வர மாட்டேன்னு சொன்னாங்க."

"நீ செத்துட்டேன்னு சொன்னாங்க. ரெண்டு பேருமே வந்துட்டோம்."

சிரித்தான். அதே சிரிப்பு. மைதிலி அதற்குள் பேனர் பக்கத்தில் போய் நின்று கூவினாள். "ஏங்க, இங்க வாங்க! இது என் விரலு! அக்கா, இது என் விரல்தானே?"

"உன் விரல்தான்மா."

"எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன். எங்க கல்யாணத்துக்கு ஒரு பேனர்கூடக் கிடையாதுக்கா. ஒரு ஆளுகூட வரல" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கி, உடனே சிரித்து, பேனரில் இருந்த தன் விரல்களின்மேல் நிஜக் கையை வைத்துக்கொண்டு, "ஒரு போட்டோ எடுங்கக்கா" என்று போனை என்னிடம் நீட்டினாள். எடுத்துக் கொடுத்தேன். அவளை எனக்குப் பிடித்துவிட்டது. அது ஒரு தனிக் கஷ்டம்.

பந்தியில் நம்பர் வரிசையில்தான் உட்கார வேண்டும் என்று மெர்சி சட்டம் போட்டாள். அவனுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மைதிலி. பாயசம் வந்தபோது கேட்டேன்.

"கடைசி பிராக்டிகல் முடியிற அன்னைக்கு ஏதோ சொல்லணும்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா? பஸ் ஏறிராதன்னு சொன்ன."

சாதாரணமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். அவன் இலையைப் பார்த்தான். அப்பளத்தை நொறுக்கினான்.

"நானா? அப்படியா சொன்னேன்?"

"ஆமா."

"என்னவா இருக்கும்..." என்று யோசித்தான். மைதிலியும் ஆவலாக எட்டிப் பார்த்தாள். "ரெக்கார்டு நோட்டு கேட்டிருப்பேன் பொற்கொடி. உன் நோட்டைப் பாத்துத்தான நான் எப்பவும் எழுதுவேன்."

"இருக்கும்" என்றேன்.

அப்புறம் அவன் பாயசத்தைத் தொடவில்லை. இவருக்குப் பாயசம் என்றால் உயிர், இன்றைக்கு என்னவோ, என்று சொல்லிக்கொண்டே மைதிலி அதையும் தன் இலைக்கு மாற்றிக்கொண்டாள்.

கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை எல்லோரும் வந்தார்கள். அருப்புக்கோட்டை பஸ் நின்றுகொண்டிருந்தது. நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லி, மெர்சியோடு பேசிக்கொண்டு நின்றேன். பூவரசன் கொஞ்சம் தள்ளி நின்று, பஸ்ஸையும் என்னையும் பார்த்தான். மைதிலியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "சரி, வர்றோம் பொற்கொடி" என்றான்.

பிராக்டிகல் முடிந்தபிறகு ரெக்கார்டு நோட்டு எவனுக்கு வேண்டும்? பஸ் விருதுநகரைத் தாண்டிய பிறகுதான் எனக்கு இது உறைத்தது. முதல் மார்க் வாங்கியவளாம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தேன். பக்கத்து சீட்டு அம்மா கர்ச்சீப்பை நீட்டியபோதுதான் நான் சிரிக்கவில்லை என்று தெரிந்தது.

நவம்பர் 11, திங்கள்

குரூப்பில் நூற்றுக்கணக்கான படங்கள். மைதிலியையும் குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள்: "அக்கா, ஓசூர் வந்தா நம்ம வீட்டுக்குத்தான் வரணும்." சரி என்று பதில் போட்டேன். காலையிலேயே அந்தப் பழைய டம்மி ஃபைலை அழித்தேன்.

நவம்பர் 13, புதன்

மழை விட்டிருந்தது. சாயங்காலம் ஏணியை எடுத்துக் குளியலறைச் சுவரில் சாத்தினேன்.

"எதுக்குடி ஏணி?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"அந்த ஃபிளக்ஸைத் திருப்பிப் போடப் போறேன். அச்சடிச்ச பக்கம் மேல இருக்கட்டும். குளிக்கும்போது கண்ணை உறுத்துது."

அம்மா வெளியே வந்தாள். கையில் கரண்டி. "மேல் பக்கமாப் போட்டா, எதிர்த்த மாடிக்காரிக்கு யாரு பதில் சொல்றது? உனக்கு எப்ப கல்யாணம் ஆச்சுன்னு கேப்பா."

ஏணியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"நீ பாத்தியா?"

"பத்தடில மாலையோட நிக்கிற. எனக்கென்ன கண்ணா தெரியாது?"

"ஒண்ணுமே கேக்கல?"

"நீ ஒண்ணுமே சொல்லல."

அது டம்மி என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அம்மா கரண்டியால் கூரையைக் காட்டினாள். பிறகு, அரிசி விலையைச் சொல்கிற குரலில் சொன்னாள்:

"மேல கெடந்தா வெயில்ல ரெண்டு மாசத்துல வெளுத்துப் போயிரும்டி. அதான் உள்பக்கமாப் போட்டேன். இருந்துட்டுப் போவட்டும் விடு."

குழம்பு பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். ஏணியை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.